ஐந்தாவது தலையசைப்பு

"தலையில மாட்டியிருக்கறத எடுத்துட்டு உள்ள போங்கம்மா," என்றான் கோட்டை வாசல் காவலாளி. "செத்தவங்க இருக்கற இடம்."

ஃபெலிசா கையை உயர்த்தித் தடவிப் பார்த்தாள். தொப்பி இல்லை, முக்காடு இல்லை, ஒரு ஹேர்பின் கூட இல்லை. அதற்குள் அவன் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டான். வெயிலில் நின்று நின்று ஆளுக்குக் கண் பூத்துப்போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மகன் ஆர்செனியோவின் பின்னால் நடந்தாள்.

முன்னால் பெலென் போய்க்கொண்டிருந்தாள். வரும் சனிக்கிழமை அவள் மகளுக்கும் ஆர்செனியோவுக்கும் கல்யாணம். அதற்கு முன்னால் மாப்பிள்ளையைத் தன் அப்பாவிடம் காட்டியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவுக்குக் கல்லறை கிடையாது. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து வைத்திருந்த கடைசி வருஷத்தில், ஸ்பானியர்கள் வெடிமருந்து வைக்கக் கட்டிய கீழறையில் அவரை அடைத்தார்கள். கடல் பொங்கி ஆற்றில் ஓதம் ஏறினால் அந்த அறைக்குள் கழுத்துவரை தண்ணீர் வரும். சில நாள் அதற்கு மேலும் வரும். மெழுகுவர்த்தி ஏற்றுவதென்றால் அங்கேதான் ஏற்ற வேண்டும்.

"அப்பாவோட தையல்கடை ஞாபகம் இருக்கா, சம்பந்தியம்மா? பரம சாது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு. நல்ல மனுஷன்தானே?"

ஃபெலிசா தலையசைத்தாள்.

"எவனோ ஒரு படுபாவி, ஓலைப்பையத் தலையில கவுத்துக்கிட்டு வந்து காட்டிக்கொடுத்துட்டான். இன்னிக்குக் கையில கிடைச்சாலும் அவன் கண்ண நோண்டிருவேன்."

அதற்கும் தலையசைத்தாள். வேறு என்ன செய்வாள்? அந்தப் படுபாவி அவளேதான்.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அண்ணனின் கால்சட்டை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட தாளிப்பனை ஓலைப்பை. சந்தைத் திடலில் ஆண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஜப்பான் அதிகாரி ஒவ்வொருவராகக் காட்டி, "இவனா?" என்று கேட்டான். ஐந்து தடவை தலையசைத்தால், பிடித்து வைத்திருந்த அண்ணனை விட்டுவிடுவதாகப் பேச்சு. முதல் நான்கு பேர் காட்டிலிருந்த போராளிகளுக்கு அரிசி கடத்தியவர்கள். ஐந்தாவது ஆளை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பைக்குள் புழுக்கம் தாங்கவில்லை, வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. எதிரே நின்றவருக்குத் தலையசைத்துவிட்டாள். அவர் ஒரு தையல்காரர், அவ்வளவுதான். அண்ணன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து சோறு தின்றான்.

முப்பத்திரண்டு வருஷம். வெட்கம் மட்டும் கிழடு தட்டவேயில்லை. இன்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தாள். சொன்னால் கல்யாணம் நின்றுபோகும், மகன் முகத்தில் விழிக்கவே முடியாது. சொல்லாவிட்டால், தான் கொன்ற மனிதரிடமே மகனை நிறுத்தி ஆசீர்வாதம் வாங்கவேண்டும். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

படிகள் குறுகலாக இறங்கின. மேலே ஐஸ்கிரீம் வண்டியின் மணியும் புல்வெளியில் பந்தாடும் பிள்ளைகளின் கூச்சலும் ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போக, பாசியும் சுண்ணாம்பும் ஆற்றுச் சேறும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியது, அதற்கு நடுவே, வெயிலில் காயவைத்துப் புதிதாகப் பின்னிய பனையோலையின் வாசம் மெல்ல எழுந்து வந்தது. பெலெனின் கையைப் பார்த்தாள். பூவும் பலகாரமும் இருந்தது பிளாஸ்டிக் கூடையில்.

கீழறையில் பெலென் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கல்லில் ஒட்டினாள். "அப்பா, இதுதான் உங்க பேத்தி மாப்பிள்ள. கிட்டப் போய் நில்லுப்பா, பாக்கட்டும்."

"என்னைப் பிடிக்கலேன்னா என்ன பண்றது, அத்தை?" என்றான் ஆர்செனியோ.

"மூக்கு மட்டும் கொஞ்சம் சப்பை. அதையெல்லாம் கண்டுக்க மாட்டாரு, போ."

அவன் சிரித்துக்கொண்டே சுவரோரம் போனான். பெலென் கண்ணை மூடப்போனாள். இப்போது விட்டால் இனி எப்போதும் வாய் வராது.

"பெலென், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்கப்பாவ..."

சொன்ன மூச்சு சூடாகத் திரும்பி வந்து அவள் முகத்திலேயே அடித்தது.

"என்ன சொன்னீங்க? ஒண்ணுமே கேக்கல. ஏன் வாயப் பொத்திக்கிட்டுப் பேசறீங்க, சம்பந்தியம்மா?"

ஃபெலிசாவின் இரண்டு கைகளும் கீழேதான் தொங்கிக்கொண்டிருந்தன.

"சரி, ஜெபம் முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்." பெலென் கண்ணை மூடிக்கொண்டாள்.

இருபுறமும் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் மிஞ்சியது இரண்டு ஓட்டைகள்தான். அவற்றின் வழியே மெழுகுவர்த்தி தெரிந்தது. கணுக்காலில் ஏதோ சில்லென்றது. தண்ணீர். பெலென் அசையவில்லை. அவள் காலடியில் தரை காய்ந்து கிடந்தது.

சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். ஈரச் சட்டை. கைகள் பின்னால். ஒருவர். இருவர். நால்வர். அவர்களை அடுத்து, ஐந்தாவதாக, ஆர்செனியோ.

வேர்வை இறங்கியது. கண் எரிந்தது.

தோளுக்குப் பக்கத்தில் யாரோ நின்றார்கள். அதிகாரி இல்லை. அதட்டல் இல்லை. சட்டை அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்கும் அதே சாதுவான குரல்.

"இவனா?"

இல்லை. அவள் கத்தினாள். பைக்குள்ளேயே கத்தினாள்.

"இவனா, அம்மா?"

கழுத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். விரல்களில் ஓலைநுனி குத்தியது. பல்லைக் கடித்தாள். நகத்தைப் பதித்தாள். அத்தனை பிடிக்கும் அடங்காமல், அவள் தலை மெதுவாகக் கீழே போனது. மேலே வந்தது.

அம்மா ஆசீர்வாதம் செய்கிறாள் என்று நினைத்து ஆர்செனியோ அவளைப் பார்த்துச் சிரித்தான். தண்ணீர் அவன் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.