நாயாற்றில் ஓர் இறக்கம்

வெறும் ட்றக்கை ஓட்டிக்கொண்டு போய் அதிலிருந்து ஆட்களை இறக்கிவிட்ட ஒரே சாரதி, இந்தப் பூமிப்பந்தில் நான் மட்டும்தான். ஏற்றியது நான் அல்ல. இறக்கியது நான். ஒருவரையும் கண்ணால் காணவில்லை. ஒருவரையும் தவறான இடத்தில் இறக்கவும் இல்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நான் இருக்கிறேன்.

மரியநேசன் என்ற நான் முல்லைத்தீவு - வவுனியா பஸ்ஸை முப்பத்துநான்கு வருடம் ஓட்டியவன். என் பஸ்ஸில் ஏற்றிய அடைக்கோழி, முட்டையை விட்டு எழும்பாமலே வவுனியா போய்ச் சேரும். அப்படியொரு ஓட்டம். அதில் இருபத்திரண்டு வருடம் என்னோடு கொண்டக்டராக நின்றவன் ஸ்ரனிஸ்லஸ். நான் இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொன்னாலும் கலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவான். "தலையை எண்ணாமல் நான் ஒண்டையும் நம்பமாட்டன் மச்சான்" என்பது அவனுடைய வேதம்.

ஓய்வுபெற்றதும் என் கைகளுக்குப் பைத்தியம் பிடித்தது. சோற்றுக் கோப்பையைக் கண்டாலும் ஸ்டியறிங் மாதிரிப் பிடித்துத் திருப்பினேன். யூலிற்றா, என் மனைவி, ஒரு ஓட்டோ எடுக்கச் சொன்னாள். நான் வவுனியாவுக்குப் போய், ஆமி கழித்து ஏலத்தில் விட்ட பழைய ட்றக் ஒன்றை எடுத்தேன். பின்பெட்டியில் இரண்டு பக்கமும் நீட்டுப் பலகை, மேலே தடித்த கன்வஸ் படங்கு. பச்சைக்கு மேல் யாரோ அவசரமாக நீலம் அடித்திருந்தார்கள்.

"சந்தைக்கும் கோயிலுக்கும் போகவோ அண்ணை இது?" என்றார் விற்ற நல்லதம்பி.

"ஓம். ஞாயிறு பூசைக்கு இதில போய் இறங்கினனெண்டால் சுவாமியாரே எழும்பி நிப்பார்."

ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. பெட்டி வெறுமை. ஆனால் பின்பக்க வில்லுத் தகடுகள், நாற்பது பேரைச் சுமப்பதுபோல வளைவே இல்லாமல் தட்டையாகக் கிடந்தன.

"வில்லு செத்துப்போச்சோ நல்லதம்பி?"

"புது வில்லு அண்ணை. போன மாசம் மாத்தினது." அவர் ட்றக்கைப் பார்க்காமலே சொன்னார். "மூண்டாந்தரம்."

ட்றக்கின் திறப்பைக் கையில் தந்துவிட்டு, பின்பக்கத்தால் வராமல் சுற்றிக்கொண்டு போனார்.

உச்சி வெயிலில் ஓமந்தை தாண்டினேன். கிளட்ச் எவ்வளவு இறுக்கமென்றால், அன்றையிலிருந்து என் இடது கால் வலது காலைவிட இரண்டு அங்குலம் பருமன். ஏற்றத்தில் எஞ்சின் முக்கியது. நிறை பாரத்தோடு ஓடும் வண்டியின் முக்கல் அது, எனக்குத் தெரியாதா? மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் காட்டுக்குள் இறங்கியபோது ஒரு மணம் வந்தது. எண்ணெய் மணம் இல்லை, கன்வஸ் மணமும் இல்லை. களப்புச் சேற்றின், கடலோர உப்புச் சேற்றின் மணம். கடல் அங்கிருந்து எத்தனையோ மைல்.

சில்வண்டுகள் ஒரேயடியாக நின்றன.

டொக்.

காபினின் பின்தகட்டில், என் தலைக்குப் பின்னால், ஒரு தட்டு.

பஸ்காரர்களின் சட்டம் உங்களுக்குத் தெரியும். ஒரு தட்டு என்றால் இறக்கம், நிற்பாட்டு. இரண்டு தட்டென்றால் போகலாம். புத்தி யோசிக்க முன் கால் பிரேக்கில் விழுந்துவிட்டது. ஓர் ஒற்றையடிப் பாதை பிரியும் இடத்தில் நின்றேன். பின்னால் பலகை முனகியது. வில்லுத் தகடு பெருமூச்சு விட்டது. வண்டி ஒரு நூலளவு எழும்பியது.

டொக், டொக்.

கியரைப் போட்டு எடுத்தேன். அரை மைல் போனபிறகுதான் நினைவு வந்தது.

எனக்குக் கொண்டக்டர் இல்லை.

இறங்கிப் போய்ப் படங்கை விலக்கினேன். அந்த வெயில் இரண்டடி உள்ளே போய், அதற்குமேல் போக மனமில்லாமல் நின்றது. அப்பால் இருட்டு. பலகை முழுவதும் தடித்த தூசி. ஓர் ஆள் இருக்கும் அகலத்துக்கு மட்டும், இப்போதுதான் எழும்பிப் போனதுபோல, துப்புரவாக இருந்தது.

வீட்டு வாசலில் யூலிற்றா இடுப்பில் கைவைத்து நின்றாள். "இஞ்சேருங்கோ, அரைக் கிலோ வெங்காயம் வாங்கச் சண்டைக்குப் போற வாகனமோ?" என்றாள். ஆனாலும் அடுத்த நாள் சந்தைக்குப் போக ஏறினாள். பத்து யார் தூரம்கூடப் போகவில்லை.

"என்னப்பா, பின்னுக்கு ஆர் இருமுறது?"

"எஞ்சினடி."

"எஞ்சின் முன்னுக்கெல்லோ கிடக்கு."

இறங்கிவிட்டாள். அன்றையிலிருந்து சந்தைக்கும் கோயிலுக்கும் நடைதான்.

பயம் வரவில்லையா என்று கேட்கிறீர்கள். வந்தது. என் தலையிலிருந்த கடைசிப் பதினொரு கறுத்த மயிரும் அந்தக் கிழமைதான் வெளுத்தது. ஆனால் ஓய்வுபெற்ற சாரதிக்குத் திரும்பவும் ஒரு றூட் கிடைத்தால் வரும் சந்தோசப் புளுகம் இருக்கிறதே, அது பயத்தையும் தள்ளிக்கொண்டு முன்சீற்றில் ஏறி இருந்துவிடும். கோயிலுக்குப் போனால் ஓர் இறக்கம். சந்தைக்குப் போனால் இரண்டு. குளக்கட்டில், எரிந்த பனைக்குப் பக்கத்தில், கூரையில்லாத வீட்டு வாசலில். ஒவ்வொரு தட்டுக்கும் வில்லு கொஞ்சம் வளைவு கொண்டது. பலகையில் இன்னோர் இடம் துப்புரவானது. நான் விசிலடித்துக்கொண்டு ஓடினேன்.

வட்டக்கச்சியில் அந்த விசில் நின்றது.

மகள் ஜெயரூபினியின் வீட்டுக்கு அரிசி எடுக்கப் போனபோது, வாய்க்கால் ஓர ஒழுங்கையில் தட்டு விழுந்தது. நின்றேன். உடனேயே இன்னொரு தட்டு. மிக மெல்லியது. தகட்டின் அடியில், முழங்கால் உயரத்தில்.

மறுநாள் திரும்பி வரும்போது ஒரு பெண் கையைக் காட்டி மறித்தாள். மலைநாட்டிலிருந்து வந்து அங்கே தோட்டம் செய்யும் குடும்பம். பேச்சியம்மா என்று பெயர் சொன்னாள்.

"ஐயா, நேத்து இங்கின நிப்பாட்டுனது நீங்கதானே?"

"ஓம் தங்கச்சி."

"நீங்க போனப்புறம் கெணத்தடியில யாரோ மூஞ்சி கழுவுன சத்தம். போயிப் பாத்தா வாளி நனைஞ்சு கெடக்கு. எங்க கெணத்துல தண்ணி வத்தி ரெண்டு மாசம் ஆவுதுங்க." அவள் படங்கைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "சண்ட முடிஞ்ச அன்னிக்கு எம்புருசன இந்த மாதிரி ட்றக்குலதான் ஏத்துனாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவரு ஒத்தையாவா எறங்குனாரு?"

"ஏன் கேக்கிறாய்?"

"சின்னவளத் தூக்கிக்கிட்டுத்தான் ஏறுனாரு."

முழங்கால் உயரத்துத் தட்டு.

வீடு வந்து சேரும்வரை நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. என் பயணிகள் யாரென்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாத பிறவி நான். மீன் ஏலக் கொட்டிலில் ஸ்ரனிஸ்லஸைக் கண்டதும் எல்லாவற்றையும் கொட்டினேன். தொடக்கத்தில் வழமைபோலச் சிரித்தான்.

"அந்த அடைக்கோழியும் பின்னுக்குத்தான் இருக்கோடா?"

"பகிடியில்லை மச்சான். சண்டையின்ர கடைசி நாள் ட்றக்கில ஏத்தின ஆக்கள். இப்ப வீட்டை போகினம். செத்த ஆக்கள்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். அப்போதுதான் நான் செய்த மடைத்தனம் எனக்கு உறைத்தது.

அவனுடைய ஒரே மகன் றஜித்தையும் சண்டை முடிந்த அந்த மே மாதம் தெருவோரத்தில் நின்ற ஒரு ட்றக்கில்தான் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். ட்றக் களப்புப் பக்கமாகத் திரும்பிப் போனது. கொண்டக்டர் அல்லவா, ஏறுகிறவர்களின் தலைகளை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறான். நாற்பத்தொரு பேர். கடைசியாக ஏறியவன் றஜித். "எண்ணினதில கை காட்ட மறந்துபோனன்" என்று ஒரேயொருமுறை என்னிடம் சொன்னான். மகன் எங்கோ ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறான் என்பதுதான் இத்தனை வருடமாக அவன் விடும் மூச்சு. மரணப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னவர்களோடு அவன் கதைப்பதில்லை. மனைவி நேசமலர் மகனின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, காணாமற்போனவர்களின் தாய்மார் இருக்கும் கொட்டகைக்குப் போய்வருகிறாள். என் கதை உண்மையென்றால் றஜித் இல்லை.

"புளுகன்" என்றான். "வா. என்னை உன்ர ட்றக்கில நாயாற்றுக்கு, என்ர வீட்டை கொண்டுபோய் விடு. இண்டைக்கு உன்ர புளுகை முடிக்கிறன்."

நாயாற்றுப் பக்கம் மட்டும் நான் அந்த ட்றக்கைக் கொண்டு போனதேயில்லை. ஏன் என்று என்னை நானே கேட்டதுமில்லை.

ஏறுமுன் அவன் படங்கை விலக்கி உள்ளே பார்த்தான். "ஒருத்தரும் இல்லை" என்றான். பலகைகள் இரண்டும் துப்புரவாக இருந்தன. பின்கதவுக்குப் பக்கத்து மூலையில் மட்டும், கடைசியாக ஏறுகிற ஆள் இருக்கும் இடத்தில், ஓர் ஆளகலத்துக்குத் தூசி மிச்சமிருந்தது. அதை அவன் நெடுநேரம் பார்த்தான். பிறகு வந்து எனக்குப் பக்கத்தில் ஏறினான்.

பின்னேரம் மூன்று மணி. கச்சான் காற்று மணலை வாரி இறைத்தது. அளம்பில் தாண்டினோம். சேற்று மணம் காபினுக்குள் வந்தது. அவன் கண்ணாடியை இறக்கினான். மணம் போகவில்லை.

அவனுடைய வீட்டுப் படலை தெரிந்தது.

டொக்.

என் கால் பிரேக்குக்குப் போனது. அவன் கை என் முழங்காலை அழுத்திப் பிடித்தது.

"நிப்பாட்டாதை."

"ஸ்ரனிஸ், இறக்கம்."

"இறக்கம் இல்லை. போ!"

முப்பத்துநான்கு வருடத்தில் முதன்முறையாக ஓர் இறக்கத்தைத் தாண்டி ஓடினேன். படலை பின்னால் போனது. வீட்டுக் கூரை போனது.

டொக்.

கோபமான தட்டு என்றால் தாங்கியிருப்பேன். இது, தன் இடம் தாண்டிவிட்டதைச் சொல்லக் கூச்சப்படும் பயணியின் தட்டு.

டொக்.

இப்போது சத்தம் இடப்பக்கத்துக்கு மாறிவிட்டது. ஸ்ரனிஸ்லஸின் காதுக்கு நேர் பின்னால். அவன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினான்.

டொக்.

பாலம் முன்னால் தெரிந்தது.

பிறகு தட்டு நின்றுவிட்டது.

அதைப்போல ஒரு பயத்தை நான் பட்டதில்லை. பின்னால் யாரோ இருந்தார்கள். கேட்பதை விட்டுவிட்டார்கள். கொண்டுபோகிற இடத்துக்குக் கொண்டுபோகட்டும் என்று, முன்பு ஒருநாள் இருந்ததுபோலவே, மூலையில் போய் இருந்துவிட்டார்கள். பலகை ஒருமுறை முனகி ஓய்ந்தது.

ஸ்ரனிஸ்லஸ் கைகளைக் காதிலிருந்து எடுத்தான்.

"திரும்பவும் கொண்டு போறமடா" என்று முணுமுணுத்தான். "இந்தமுறை நான் கொண்டு போறன்."

அடுத்த கணம், இருபத்திரண்டு வருடம் பஸ்ஸை அதிரவைத்த அந்தக் குரல் வெடித்தது.

"இறக்கம்! இறக்கம் இருக்கு, நிப்பாட்டடா!"

பாலத்தின் வாயில் நின்றேன். பின்னுக்கு எடுத்து எடுத்துப் படலைவரை கொண்டுபோனேன். அவன் குதித்துப் பின்பக்கம் ஓடினான். பின்கதவு இறங்கிய சத்தம் கேட்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கிழவிகளை இறக்கும்போது கொடுப்பதுபோல, வலது தோளைக் கொடுத்து, ஒரு கையை நீட்டி நின்றான்.

"கவனம் தம்பி. காலைப் பாத்து வை. அவசரமில்லை, பஸ் நிக்கும்."

அவனுடைய தோள் கீழே இறங்கியது. ஓர் ஆள் பாரத்துக்கு இறங்கியது. வில்லுத் தகடுகள் முழு வளைவோடு எழும்பி நின்றன.

அவன் நடந்தான். நொண்டும் ஒருவனைத் தாங்கிக்கொண்டு போகிறவனைப்போல, ஒரு தோள் தாழ்ந்து, மெல்ல. நேசமலர் முற்றத்துக்கு வந்தாள். புருசனைப் பார்த்தாள். அவனுக்குப் பக்கத்தில் பார்த்தாள். படலையின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டாள். தனி ஆள் ஒருவன் வீட்டுக்கு வர யாரும் இரண்டு கதவையும் திறப்பதில்லை.

போகலாம் என்ற தட்டுக்குக் காத்திருந்தேன். தட்ட யாரும் இருக்கவில்லை.

நான்கு நாள் நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. ஐந்தாம் நாள் ஏலக் கொட்டிலுக்குப் போனபோது மீன் வியாபாரி சுதாகரன் தொடங்கிவிட்டான்.

"என்ன மரியநேசண்ணை, இண்டைக்கு எத்தினை பேயை இறக்கினியள்?"

கொட்டில் முழுவதும் சிரித்தது. வாசலில் ஸ்ரனிஸ்லஸ் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். நாலு நாளில் பத்து வயது ஏறியிருந்தது அவனுக்கு. என் வாழ்நாளில் நான் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன்.

"சும்மா புளுகினனான் சுதாகரன். அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை."

இந்த ஒருதடவை என்னைப் புளுகன் என்று சொல்லடா என்று மனதுக்குள் ஸ்ரனிஸ்லஸை மன்றாடினேன். அவன் சொல்லவில்லை. சைக்கிள் ஹாண்டிலில் தொங்கிய பையைத் திறந்து, நாயாற்றுக்குப் போன அன்றைக்குப் போட்டிருந்த சேர்ட்டை எடுத்து மேசையில் விரித்தான். எல்லா இடமும் மொரமொரவென்று காய்ந்திருந்தது. வலது தோள் மட்டும் சொட்டியது. மேசை ஓரத்தால் நீர் வழிந்து மண்ணில் விழுந்தது. அத்தனை மீனுக்கு நடுவிலும் களப்புச் சேற்றின் மணம் எழும்பியது. சுதாகரன் ஓரடி பின்னால் போனான்.

"நாலு நாளாக் கொடியில கிடந்தது" என்றான் ஸ்ரனிஸ்லஸ். "இந்தக் கச்சானிலயும் காயேல்லை. பிழிஞ்சால் திரும்ப ஊறுது."

சுதாகரனை நேராகப் பார்த்தான்.

"மரியநேசன் புளுகேல்லை. நடந்தது. நான்தான் என்ர பிள்ளையை இறக்கினனான்."