நாலு வீடு போதும்

கூடுநாளன்று மட்டும் எட்டாம் மாடியில் எல்லாக் கதவுகளும் காலையிலேயே திறந்துவிடும். மற்ற நாட்களில் கதவுகளுக்கு வேலை இல்லை. பால், காய்கறி, மருந்து எல்லாவற்றையும் பறவிகள் என்கிற குட்டி ட்ரோன்கள் பால்கனியில் வைத்துவிட்டுப் போகும். அலுவலகம், பள்ளிக்கூடம், சினிமா மூன்றும் சுவர்த்திரையில். அடுத்த வீட்டுக்காரருக்கு மீசை உண்டா என்பதே வருடத்துக்கு ஒருமுறைதான் தெரியும்.

தமயந்தி பீரோவைத் திறந்து வெல்வெட் பையை எடுத்தாள். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பட்டை. ரேம் என்கிற நினைவுப் பட்டை. அந்த வீட்டுக்குச் சட்டம் ஒதுக்கிய பாகம் அது.

பொதுவலையில் சேராமல் தனியாக நிற்கும் கணினி என்ன யோசிக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்று எப்போதோ ஓர் அரசாங்கம் பயந்துவிட்டது. அழிக்கவும் மனம் வரவில்லை. பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மாடிக்கு ஒரு கணினி, வீட்டுக்கு ஒரு பாகம். வருடத்துக்கு ஒருநாள் எல்லோரும் கூடிப் பாகங்களைப் பொருத்தி, அதிகாரி முன்னால் உயிர்ப்பித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மொத்தமும் உருக்காலைக்குப் போய்விடும்.

போனால்தான் என்ன? அந்தக் கணினியால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அதன் வட்டு, அதாவது ஹார்டு டிஸ்க், செத்து வெகுகாலம் ஆகிறது. உயிர் வந்ததும் 'வட்டைக் காணோம்' என்று திரையில் ஒரு வரி வரும். எல்லோரும் கைதட்டுவார்கள். அப்புறம் பிரியாணி. ஆனால் கல்யாணமாகி மதுரைக்கு வந்த தமயந்திக்கு இந்த மாடியில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரியவந்ததே போன கூடுநாளில்தான். அந்த ஒரு நாளுக்காக அவள் வருடம் முழுக்கக் காத்திருந்தாள்.

நடைவழியில் ஜமீலா தன் வீட்டுப் பாகமான தாய்ப்பலகையை, அதாவது மதர்போர்டை, மடியில் வைத்துக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டி வராதாம்டி. பரஞ்சோதி அண்ணன் கதவைச் சாத்திட்டாரு. போன தடவை முதல் தட்டு யாருக்குப் போச்சோ, அவரையே பட்டனை அமுக்கச் சொல்லுங்கங்கிறாரு."

கணினியின் வெளிக்கூடான பெட்டியை வைத்திருக்கும் வீட்டுக்காரர்தான் அதிலுள்ள பொத்தானை அழுத்துவார். பிரியாணியின் முதல் தட்டும் அவருக்குத்தான். அது மாடி வழக்கம்.

"ஐயையோ, பரிமாறினது நான்தானேக்கா! புதுசா வந்தவளுக்கு என்ன தெரியும்?"

"நீ வச்ச, நான் தின்னேன், அவருக்குச் செரிக்கல" என்றார் கீபோர்டு வீட்டுக் குருபரன்.

யாரும் சிரிப்பதற்குள் லிஃப்ட் திறந்து அதிகாரி மாசிலாமணி வந்துவிட்டார். பெட்டி எங்கே என்று கேட்டார். பொழுது சாய்வதற்குள் ஓடவில்லையென்றால் உருக்காலை வண்டி வந்துவிடும் என்றார்.

தமயந்தி தரையில் பரப்பியிருந்த பாகங்களையே பார்த்தாள்.

"அக்கா, இந்தப் பெட்டி என்னதான் செய்யுது?"

"மூடி வைக்குது."

"மூடாட்டி?"

"தூசி விழும்."

"இன்னிக்கு ஒருநாள் விழட்டுமே!"

ஓர் அட்டைமேல் தாய்ப்பலகையை வைத்தார்கள். பிராசசர் வீட்டு அருளப்பன் தன் செயலியைப் பொருத்தி, அதன் தலையில் குட்டி விசிறியை மாட்டினார். நினைவுப் பட்டை 'டிக்'கென்று உட்கார்ந்தது. பவர் சப்ளை வீட்டுக் கோமளம் அதன் ஒயர்களைச் சொருகினாள்.

"பட்டன்?" என்றார் குருபரன்.

"பட்டனோட ஒயர் இந்த ரெண்டு ஊசியிலதானே வந்து மாட்டும்? அமுக்கினா ரெண்டையும் ஒரு நொடி சேர்த்து வைக்கும். வேற என்ன செய்யுது அது?" என்றாள் தமயந்தி.

ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டு ஊசிகளையும் தொட்டாள். விசிறி சுழன்றது. ஒரே ஒரு 'பீப்'. திரைகூட இன்னும் மாட்டவில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சத்தம் வந்துவிட்டால் எல்லாம் நலம் என்று அர்த்தம். நடைவழி அதிரக் கைதட்டினார்கள்.

மாசிலாமணியும் தட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பலகை, செயலி, ரேம், பவர் சப்ளை. நாலு வீடு போதும்னு நீங்களே காட்டிட்டீங்க. உயிர் வரத் தேவையான பாகத்துக்குத்தான் அனுமதி. கீபோர்டு, திரை, பெட்டி எல்லாத்தையும் நான் எடுத்துக்கிட்டுப் போகணும்."

கைதட்டல் நின்றது. குருபரன் கீபோர்டை மார்போடு அணைத்துக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாகப் பஞ்சால் துடைத்துக் கொண்டுவந்திருந்தார் மனிதர்.

"அப்ப அடுத்த வருஷம் நான் எதுக்காகக் கதவைத் திறக்கணும்?"

தமயந்தி எழுந்து போய்ச் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். விசிறி நின்றது.

"இன்னும் அறிக்கையில எழுதலைல்ல சார்?"

"இல்லம்மா. ஆனா இருட்டுறதுக்குள்ள திரும்ப ஓடணும். அப்ப என் கண்ணுக்கு என்ன தெரியுதோ, அதைத்தான் எழுதுவேன்."

அவள் ஓடிப்போய்ப் பரஞ்சோதியின் கதவைத் தட்டினாள்.

"கைதட்டுனீங்க, கேட்டுச்சு" என்றது உள்ளிருந்து குரல். "யாரு அமுக்குனா?"

"யாரும் அமுக்கலண்ணே. ஸ்க்ரூடிரைவர்."

"என் பெட்டி இல்லாமலேயா?"

"ஆமாண்ணே. நீங்க இல்லாமலே ஓடுது. எனக்குப் பிடிக்கல. அதான் அணைச்சிட்டு வந்தேன். போன தடவை தட்டு மாறினது என் தப்பு. இப்ப நீங்க வராட்டி, குருபரன் அண்ணன் கீபோர்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

தாழ்ப்பாள் விலகியது. சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் பெட்டி. பெட்டிக்குச் சந்தனப்பொட்டு வேறு.

"விடியக்காலையிலேயே குளிச்சு ரெடியாகி உக்காந்திருக்கேன். ஒரே ஒரு தடவை தட்டிட்டு எல்லாரும் போயிட்டீங்க! இன்னொரு தடவை கூப்பிட்டா வாய் வலிக்குமா?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பீராக்கும்?" என்றார் குருபரன்.

"வந்திருக்க மாட்டேன். ஆனா கூப்பிடணும்ல!"

இந்தமுறை நடைவழி சிரித்த சிரிப்பில் மாசிலாமணியின் தொப்பியே நழுவியது. எல்லாப் பாகமும் பெட்டிக்குள் போனது. திரை வந்தது, கீபோர்டு வந்தது. பொழுது சாயும் நேரம் பரஞ்சோதி பொத்தானை அழுத்தினார். 'வட்டைக் காணோம்' என்றது கணினி. கரகோஷம்.

"ஓட எத்தனை வீடு வேணும்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"எல்லா வீடும்!" என்றது மாடி.

எழுதிக்கொண்டார். எழுதிய பிறகும் போகவில்லை. பிரியாணித் தட்டோடு சுவரோரம் நின்றவர், தமயந்தியிடம் மெதுவாகச் சொன்னார்.

"எங்க மாடியில நான்தாம்மா முதல்ல கண்டுபிடிச்சேன், நாலு வீடு போதும்னு. எல்லாரும் பாராட்டினாங்க. மறுவருஷம் மூணு பேர்தான் வந்தாங்க. இப்ப எங்க மாடியில கணினியும் இல்ல, அடுத்த வீட்டுல யாருன்னும் எனக்குத் தெரியாது."

தமயந்தி குனிந்து, பெட்டியின் பக்கமூடியிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது இல்லாட்டி மூடி ஆடும் சார். நீங்கதான் பத்திரமா கொண்டு வரணும்."

"நான் இந்த மாடியே இல்லையேம்மா. சட்டம்..."

"திருகாணியைப் பத்திச் சட்டத்துல இருக்கா?"

மாசிலாமணி மனத்துக்குள் சட்டம் முழுவதையும் புரட்டிப் பார்த்தார். இல்லை. திருகாணியைச் சட்டைப்பையில் போட்டுப் பித்தானையும் மாட்டிக்கொண்டார். ஊரிலுள்ள மாடிகளுக்கெல்லாம் தேதி குறிப்பவர் அவர்தான். இருந்தாலும் வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்: "அடுத்த கூடுநாள் என்னிக்கும்மா?"