சும்மா இருக்க உரிமம்

தேங்காய் அளவே இருந்த சுவடுமானியை ஆய்வாளர் நப்பின்னை கேரம் பலகையின் நடுவில் வைத்தார். கடல் இரண்டு தெரு உள்ளே வந்த பிறகும் காசிமேட்டில் மிஞ்சி நின்ற ஒரே இளையோர் மன்றம் அது.

"கடந்த ஓராண்டுல, இந்த மன்றத்துக்குள்ள, ஒரு இளம் மனசுலயாவது புதுச் சுவடு பதிஞ்சிருக்கணும். இல்லைன்னா இன்னைக்குச் சாயங்காலமே மூடிடணும். விதி உங்களுக்கே தெரியும்" என்றார்.

"தெரியும் மேடம்" என்றார் ரெஜினா. அவர் தலைக்கு மேலே சுவரில் அவருடைய உரிமம் மாட்டியிருந்தது. இளையோர் துணைஞர், உரிம எண் ஒன்று.

சுவடுமானி செய்வதை எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு அடங்காது. ஒருவர் மனம் மாறும் கணத்தில் மூளையின் நரம்பிழைகள் சில அவிழ்ந்து வேறு மாதிரி முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அப்போது பக்கத்தில் இருந்தவரின் முகமும் குரலும் அந்த முடிச்சோடு சிக்கிக்கொள்கின்றன. அதை ஒளியாக்கிக் காட்டுகிறது இந்தக் கருவி. அது வருவதற்கு முன் ரெஜினாவின் வேலைக்குப் பெயரே கிடையாது. வேலைவெட்டி இல்லாமல் பசங்களோடு சுற்றுகிறாள் என்றுதான் ஊர் சொன்னது. முதல் சோதனையை இங்கேதான் நடத்தினார்கள். நானூறு பேர் மனத்திலிருந்து நானூறு இழைகள் கிளம்பி ரெஜினாவிடம் வந்து சேர்ந்தன. அந்தந்த நாளில் என்ன செய்தார் என்று அவருடைய நாட்குறிப்பைப் புரட்டினால், எல்லாப் பக்கத்திலும் ஒரே சொல்: சும்மா.

அரசு வாயடைத்துப் போனது. பிறகு வாயைத் திறந்து சட்டம் போட்டது. இளையோர் துணை ஒரு தொழில் ஆனது. அதற்குப் பட்டப்படிப்பு, சீருடை, ஓய்வூதியம் எல்லாம் வந்தன. சும்மா இருப்பதை நான்கு நிலைகளாகப் பிரித்துச் சும்மாயியல் என்று ஒரு பாடமே நடத்தினார்கள். அரை மணிக்கு ஒருமுறை அறிக்கை எழுத வேண்டும். உரிமம் இல்லாமல் மன்றத்துக்குள் இளம் மனத்தில் சுவடு பதித்தால் ஓராண்டுச் சிறை. இந்தக் கடைசி விதியை எழுதியவர் நப்பின்னை. கண்டவரெல்லாம் இந்தத் தொழிலில் கைவைத்து அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்.

இந்த ஆண்டு மன்றத்துக்கு வரும் பிள்ளைகளில் முப்பது பேரைக் காலையிலிருந்து பார்த்தாயிற்று. புதுச் சுவடு ஒன்றுகூட இல்லை. கடைசியாகப் பதினேழு வயது தில்ஷாத் வந்து உட்கார்ந்தாள்.

கருவி விழித்தது. தகரக் கூரை மறைந்து, அந்த இடம் முழுக்க ஒளியிழைகள் விரிந்தன. பதினேழு வருட வாழ்க்கை தலைக்கு மேலே மினுங்கியது. அம்மாவின் இழை கயிறு போல் தடித்து ஓடியது. என்றோ ஒரு நாள் "பயப்படாம ஏறும்மா" என்று சொன்ன பேருந்து நடத்துநருக்குக்கூட ஓர் இழை இருந்தது. அந்த ஆளுக்கு இது தெரியவே தெரியாது. ஒரு பெண்ணை ஆளாக்க இத்தனை பேரா! ஆயிரம் சோதனை பார்த்த நப்பின்னைக்கே கண் கலங்கியது.

ரெஜினாவின் இழை பன்னிரண்டு வயதில் தொடங்கிப் பொன்னாக மின்னியது. பதினான்கில் நின்றுவிட்டது.

"அந்த வருசம்தான் மேடம் உரிமம் வந்தது" என்றார் ரெஜினா. "அப்புறம் எங்க? உள் ரூம்ல உக்காந்து அறிக்கை எழுதவே நேரம் சரியாப் போச்சு."

நப்பின்னை மூடுவதற்கான ஆணையை எடுக்கக் கை நீட்டினார். அப்போதுதான் மூலையில் புத்தம் புதிய இழை ஒன்று கண்ணில் பட்டது. ஐப்பசியில், இதே மன்றத்துக்குள் பதிந்தது. விரலால் அதைத் தொட்டு மறுமுனைவரை போனார். அங்கே தெரிந்தது அவருடைய முகமேதான்.

"நானா? நான் உனக்கு என்னம்மா செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல மேடம்" என்றாள் தில்ஷாத். "அன்னிக்குக் கடல் சுரங்கக் கப்பல்ல ஏழு வருச வேலைக்குக் கைரேகை வெக்கப் போய்னு இருந்தேன். மழைன்னு இங்க ஒதுங்கினேன். அக்கா உள்ள உங்களுக்குத்தான் அறிக்கை எழுதினு இருந்தாங்க. நீங்க இங்க உக்காந்துனு இருந்தீங்க. ஏன் அழுவுறன்னுகூடக் கேக்கல. என்கூட மூணு ஆட்டம் ஆடுனீங்க, மூணுலயும் தோத்தீங்க. மழை விட்டுது. நான் வூட்டுக்குப் போய்ட்டேன். கப்பலுக்குப் போவல."

அந்த மழை நப்பின்னைக்கு நினைவிருந்தது. கேரம் தோற்றதும் நினைவிருந்தது. ஒரு பெண்ணின் ஏழு வருடம் அந்தப் பலகைமேல் கிடந்தது மட்டும் தெரியாமல் போயிருந்தது.

"மேடம், அதைப் பதியாதீங்க" என்றார் ரெஜினா மெதுவாக. "மன்றம் போனாப் போவட்டும். அதுக்காக நீங்க ஜெயிலுக்குப் போணுமா?"

நப்பின்னை தில்ஷாத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த உரிமத்தைப் பார்த்தார். விரலால் அந்த இழையைப் பதிவேட்டுக்குள் இழுத்துவிட்டார்.

"சுவடு ஏற்கப்பட்டது. மன்றம் தொடரலாம்" என்றது கருவி. "சுவடு பதித்தவருக்கு உரிமம் இல்லை. அப்போது அவர் செய்த பணி என்ன?"

"சும்மா இருந்தேன்" என்றார் நப்பின்னை.

அவர் எழுதிய சட்டத்தைக் கருவி ஒரு நொடி புரட்டிப் பார்த்தது.

"சும்மா இருக்க உங்களுக்கு உரிமம் இல்லை. காவலர்கள் வர நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை இங்கேயே இருங்கள்."

ரெஜினா சுவரிலிருந்து உரிமத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தில்ஷாத் சுவடுமானியைப் பலகையிலிருந்து தூக்கித் தரையில் வைத்தாள். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் காய்களை அடுக்கினாள்.

"நாப்பது நிமிசம் இருக்குது மேடம். ஒரு ஆட்டம் ஆடலாமா?"

தலைக்கு மேலே புது இழைகள் ஒவ்வொன்றாக முளைக்கத் தொடங்கின.