மூன்றாவது பெஞ்சில் ஒரு டேப்லெட்

குருவிக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. இல்லாவிட்டால் இந்தக் கதையே நடந்திருக்காது.

ஆறாம் வகுப்பில் படிக்கும் குருவி, காலையில் பள்ளி வாசலில் பேசத் தொடங்கினால் மாலையில் வீட்டு வாசல் வரை நிறுத்த மாட்டாள். அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். தலைமையாசிரியர் அவளை அதுவரை பார்த்ததில்லை. சுவருக்கு அப்பால் இருந்து குரலைக் கேட்டதோடு சரி. அன்று அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது, எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். ரொம்ப அடக்கமான பிள்ளை என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அவருக்கு ஓர் அடக்கமான பிள்ளை அவசரமாகத் தேவைப்பட்டது.

மாவட்டக் கல்வி அலுவலகம் எல்லாப் பள்ளிகளுக்கும் டேப்லெட் கொடுத்திருந்தது. கொடுத்த பிறகு, அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பெரிய திட்டம் எழுத ஆரம்பித்திருந்தது. முதலில் வாங்கிவிட்டு அப்புறம் யோசிப்பது பெரியவர்களின் வழக்கம். திட்டம் முடியும் வரை யாரும் தொடக் கூடாது. ஆகவே பள்ளி திறந்த நாளிலிருந்து அந்த டேப்லெட்டுகள், தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரிக்குள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

திட்டக் குழு அடுத்த வாரம் இந்தப் பள்ளியில் கூடப்போகிறது. அதில் மாணவர் ஒருவரின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று உத்தரவு. கேட்க வேண்டும் என்றுதான் உத்தரவு. மாணவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அதில் இல்லை.

"அவங்க கேட்டா 'மிக்க நன்றி ஐயா'னு சொல்லிட்டு உக்காந்துக்கணும். புரியுதா?" என்றார் தலைமையாசிரியர்.

குருவி தலையாட்டினாள். வகுப்பு டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்று மாலை குருவி ஸ்பிரிங்கின் வீட்டுக்குப் போனாள். ஸ்பிரிங் அவளுடைய பெஞ்சுக்காரன். ஓர் இடத்தில் உட்கார முடியாதவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். சுவர்மேல் ஏறிப் பந்தை எடுத்தவன், இறங்குவதற்குப் பதிலாகக் குதித்தான். இப்போது தொடை வரை மாவுக்கட்டு. படுக்கையை விட்டு எழுந்திருக்கப் பல மாதம் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

முதல் வாரம் வகுப்பே திரண்டு வந்தது. மாவுக்கட்டில் பூ, பூனை, மீசை வைத்த டீச்சர் என்று இடமில்லாமல் வரைந்துவிட்டுப் போனது. அடுத்த வாரம் கூட்டம் குறைந்தது. இப்போது வருவது குருவி மட்டும்தான்.

குருவி தினமும் அன்றைய பாடத்தைச் சொல்லிக் காட்டுவாள். அன்று தொண்டை ஒத்துழைக்காததால் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"என் இடத்துல இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டான்.

குருவிக்குப் பொய் வராது. "பை," என்றாள் கரகரத்த குரலில். "எல்லாரும் பையைக் கொண்டுவந்து அங்க வைக்கிறாங்க."

"டீச்சர் என் பேரைக் கூப்பிடறாங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"பரவால்ல. அம்மாகிட்ட சொல்லிட்டேன். இந்த வருஷம் போனா போகட்டும். அடுத்த வருஷம் மறுபடி ஆறாவதே படிக்கறேன்."

குருவி புத்தகத்தை மூடினாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. அடுத்த வருடம் அவள் ஏழாவதில் இருப்பாள். அவன் கீழே, வேறு யார் பக்கத்திலோ.

ஸ்பிரிங்கின் அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். குருவிக்கு அவர் அத்தை. வாசல் வரை வந்தவர், புத்தகத்தை அவன் தொடுவதே இல்லை, தான் சொன்னால் காதிலும் போட்டுக்கொள்வதில்லை என்று மெல்லச் சொன்னார். அவர் கையில் இருந்த அளவு நாடாவை, காரணமே இல்லாமல் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் நடந்த நாளில் குருவிக்குத் தொண்டை நன்றாகத் திறந்துவிட்டிருந்தது. இது தலைமையாசிரியருக்குத் தெரியாது.

மேசைக்குப் புது விரிப்பு. குருவிக்குப் பெரியவர்கள் உட்காரும் நாற்காலி. கால் தரைக்கு எட்டவில்லை. பக்கத்தில் வகுப்பு டீச்சர். கல்வி அலுவலர் ஒரு தடித்த கோப்போடு வந்தார். 'தொழில்நுட்பம்' என்ற சொல்லை, வாயில் மிட்டாய் போட்டுச் சப்புவதுபோல ரசித்து உச்சரித்தார்.

டேப்லெட் உறைக்கு நீலம் நல்லதா பழுப்பு நல்லதா என்று முதலில் பேசினார்கள். வெகு நேரம் பேசிவிட்டுச் சாம்பல் நிறம் என்று முடிவு செய்தார்கள். தொடக்க விழாவில் ரிப்பனை யார் வெட்டுவது என்று பேசினார்கள். டேப்லெட் கீழே விழுந்தால் யார் பொறுப்பு என்பதற்கு மட்டும் ஓர் அத்தியாயமே இருந்தது. அலமாரிக்கு இரண்டாவது பூட்டும் வேண்டும் என்றார் தலைமையாசிரியர். அருமையான யோசனை என்றார் அலுவலர்.

குருவி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

கடைசி அத்தியாயத்துக்குப் 'பயன்பாடு' என்று தலைப்பு. அதன் கீழே வெறும் தாள். அலுவலர் அதைப் பார்த்தார். புரட்டினார். மறுபக்கமும் வெறும் தாள்தான். மறுநாள் காலையில் திட்டம் மேலிடத்துக்குப் போயாக வேண்டும். அவர் முகம் லேசாக வியர்த்தது. நேரத்தைக் கடத்துவதற்காகவோ என்னவோ, குருவியின் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ ஏதாவது சொல்றியா?"

"மிக்க நன்றி ஐயா," என்றாள் குருவி.

தலைமையாசிரியர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"எங்க கிளாஸுக்கு ஒரு டேப்லெட் வேணும். ஒண்ணே ஒண்ணு போதும்."

விட்ட மூச்சு பாதியில் நின்றது.

அதற்குப் பிறகு குருவியை நிறுத்துவது யாராலும் முடியவில்லை. ஸ்பிரிங்கின் காலைப் பற்றிச் சொன்னாள். அவன் இடத்தில் பைகள் உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள். அத்தையிடம் ஒரு போன் இருக்கிறது, வகுப்பில் டீச்சர்கூட போனைத் தொடக் கூடாது என்று இதே அலுவலகம் உத்தரவு போட்டிருக்கிறது, ஆனால் டேப்லெட்டைத் தொடலாம், அதை அவன் இடத்தில் வைத்து அந்தப் போனோடு இணைத்தால் அவன் பாடத்தைப் பார்க்கலாம், கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அலுவலர் கோப்பைப் புரட்டினார். "டேப்லெட் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போகக் கூடாதே, பாப்பா."

"அது எங்கயும் போகாது ஐயா. கிளாஸ்லயேதான் இருக்கும். அவன்தான் உள்ள வருவான்."

அலுவலர் புரட்டுவதை நிறுத்தினார்.

"கீழ விழுந்து உடைஞ்சா?" என்றார் தலைமையாசிரியர்.

"விழறதெல்லாம் ஸ்பிரிங்தான் சார். இது வெச்ச இடத்துல சும்மா உக்காந்திருக்கும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பார்த்தால், கல்வி அலுவலர். உடனே இருமி, அதை அலுவலகத்துக்கு ஏற்ற சத்தமாக மாற்றிக்கொண்டார். டேப்லெட்டுக்குத் தான் பொறுப்பு என்று வகுப்பு டீச்சர் எழுந்து சொன்னார்.

அலுவலர் பேனாவைத் திறந்து வெறும் தாளில் எழுதினார். எழுதியதை எழுந்து நின்று படித்தார். "வருகை தர இயலாத மாணவரின் தொலைநிலைப் பங்கேற்பை உறுதிசெய்யும் முன்னோடிச் செயல்பாடு."

எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். குருவிக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சரின் சேலை நுனியை இழுத்தாள்.

"அப்ப ஸ்பிரிங் வரக் கூடாதா டீச்சர்?"

"வரலாம்னுதான் சொல்றார். கொஞ்சம் சுத்தி வளைச்சுச் சொல்றார்."

அலமாரியைத் திறந்தபோது ஒரு டேப்லெட்டிலும் உயிர் இல்லை. இத்தனை மாதம் சார்ஜ் போடாமல் கிடந்தால் எப்படி இருக்கும்? சார்ஜர்கள் எல்லாம் வேறு அறையில் வேறு பூட்டுக்குள் இருந்தன. டேப்லெட் திருடு போனாலும் சார்ஜராவது தப்பட்டும் என்பது தலைமையாசிரியரின் ஏற்பாடு.

அதைவிடப் பெரிய சிக்கல் ஸ்பிரிங். வர மாட்டேன் என்றுவிட்டான். எல்லாரும் தன் காலையே பார்ப்பார்களாம்.

"கால் எதுக்குத் தெரியணும்? உன் மூஞ்சி தெரிஞ்சா போதும்," என்றாள் குருவி. "தலையை மட்டும் சீவிக்கோ. அதுதான் பாக்க சகிக்கல."

அடுத்த நாள் காலை, மூன்றாவது பெஞ்சில் இருந்த பைகளை எல்லாம் அவரவர் மடியிலேயே கொண்டுபோய் வைத்தாள். புவியியல் புத்தகத்தில் சாய்த்து டேப்லெட்டை நிறுத்தினாள். திரையில் ஒரு மின்விசிறி சுற்றியது. ஸ்பிரிங் வீட்டுக் கூரை மட்டும் வந்திருந்தது. ஸ்பிரிங் வரவில்லை.

டீச்சர் வருகைப் பதிவைத் தொடங்கினார். ஸ்பிரிங்கின் பெயரையும் கூப்பிட்டார். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

டீச்சர் அடுத்த பெயருக்குப் போகவில்லை. காத்திருந்தார்.

குருவி டேப்லெட் பக்கம் குனிந்தாள். "சீக்கிரம் வாடா. இங்க பையை வைக்க ஒரு கூட்டமே காத்துட்டிருக்கு."

விசிறி ஆடியது. ஒரு காது வந்தது. பாதி சீவிய தலை வந்தது. கடைசியில் முழு முகமும் வந்தது.

"உள்ளேன் டீச்சர்."

அதன் பிறகு பழகிப்போயிற்று. அறிவியல் அறைக்குப் போகும்போது அவனைத் தூக்கிக்கொண்டு போவதற்குப் போட்டி நடந்தது. சில நேரம் பாடத்துக்கு நடுவே தையல் இயந்திரம் கடகடத்தது. ஒருநாள் டீச்சர் கேட்ட கேள்விக்கு ஸ்பிரிங் விழித்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து அத்தை விடை சொல்லிவிட்டார். டீச்சர் அவருக்கும் ஒரு சபாஷ் போட்டார்.

மறுபடி ஆறாவது படிக்கும் பேச்சை ஸ்பிரிங் எடுக்கவே இல்லை. மாறாக, ஏழாம் வகுப்பில் ஜன்னலோர இடம் யாருக்கு என்று குருவியோடு சண்டை போட ஆரம்பித்தான். கணக்குப் பாடத்தின்போதுகூட விடவில்லை. போன வருடம் அவள்தான் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அதனால் இனி அது தனக்குத்தான் என்று அவன் கட்சி. அவனை ஜன்னலோரம் விட்டால் குதித்துவிடுவான் என்று அவள் கட்சி.

டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பினார். "குருவி, வெளியே போய் நில்லு."

குருவி எழுந்தாள்.

"அவனையும் கூட்டிட்டுப் போ."

அந்த வழியாக வந்த தலைமையாசிரியர், டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவில் நின்ற குருவியைப் பார்த்துத் திடுக்கிட்டார். என்ன விஷயம் என்று விசாரித்தார்.

"கிளாஸ்ல பேசினோம் சார். ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டாங்க."

இத்தனை பெரிய திட்டத்தில் இதற்கு ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லையே என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, டேப்லெட் "வணக்கம் சார்" என்றது. அவரும் அதற்கு வணக்கம் வைத்தார். பிறகு குரலைக் கடுமையாக்கி, "ரெண்டு பேரும் பேசாம நிக்கணும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அங்கே வீட்டில் தையல் இயந்திரம் நின்றது. அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னடா, தனியா சிரிச்சிட்டிருக்க?"

"தனியா இல்லம்மா," என்றான் ஸ்பிரிங் பெருமையாக. "டீச்சர் எங்களை வெளிய நிக்க வெச்சிருக்காங்க."