பெயர் ஏற்கப்படவில்லை

கத்தி மூன்றாவது முறை இறங்கியபோது புரோகிராமர் அலறக்கூட இல்லை.

பகல் பதினொன்றரை மணி. நாலாவது மாடி. மற்ற எல்லோரும் கீழே மீட்டிங்கில்.

கத்தியை உருவிய மேனேஜர் நிமிர்ந்தார்... வாசலில் டெஸ்டர் பெண்!

அவள் சர்வர் அறைக்குள் பாய்ந்து தாழிட்டாள். மொபைல் மேஜையிலேயே தங்கிவிட்டது. கையில் இருந்தது சோதனைக்காக வந்த விசிட்டர் டேப்லெட் மட்டும்.

"கதவைத் திறம்மா, பேசிக்கலாம்."

"அவனை ஏன் சார் கொன்னீங்க?"

"கஸ்டமர் விவரத்தை நான் வித்தது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்ப உனக்கும்."

தீயணைப்புக் கோடாலி கதவைப் பிளந்தது.

டேப்லெட்டில் விசிட்டர் ஃபார்ம். அதில் எழுதும் பெயர் கீழே வரவேற்பறைத் திரையில் பொடி எழுத்தில் ஓடும். யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

ஆனால் அது ஓட்டை ஃபார்ம். எதை எழுதினாலும் சோதிக்காமல் அப்படியே திரைப் பக்கத்தில் கொட்டுகிற பி.ஹெச்.பி. புரோகிராம். எழுத்தைப் பெரிதாக்கும் குறியீட்டையும் சேர்த்து எழுதினால் திரையே அலறும்!

அதை எழுதிய புரோகிராமரை ஆறு மாதமாகத் திட்டித் தீர்த்திருந்தாள். "வர்றதைச் சோதிச்சு வாங்குடா. காட்டறதைச் சுத்தம் பண்ணிக் காட்டுடா."

இன்று காலையும் சிரித்தான். "வாட்ச்மேன் அண்ணனைக் கேளுங்கக்கா. தெரியும்."

கோடாலி மறுபடி விழுந்தது.

பெயர்க் கட்டத்தில் குறியீட்டோடு அடித்தாள்: 'கொலை. நாலாவது மாடி. மேனேஜர்.'

அனுப்பினாள்.

பக்கம் திரும்பி வந்தது. சிவப்பில் ஒரு வரி. 'பெயர் ஏற்கப்படவில்லை. எழுத்துகள் மட்டும் போதும்.' அவள் அடித்தது குறியீடும் புள்ளியுமாகக் கட்டத்திலேயே சாதுவாக உட்கார்ந்திருந்தது.

பாவி, சரி செய்துவிட்டான்! அதுவும் இன்றைக்கு!

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கதவு சாய்ந்தது. கோடாலி தோளைக் கிழித்தது. அடுத்த வீச்சுக்கு ஓங்கினார்...

மடார்!

மேனேஜரின் பின்மண்டையில் லத்தி. ரத்தம் தெறிக்கக் குப்புற விழுந்தார். பின்னால் மூச்சு வாங்க வாட்ச்மேன்.

"எப்படிண்ணே வந்தீங்க?"

வாட்ச்மேன் மொபைலை நீட்டினார். அவள் எழுதிய அதே வரி.

"ஃபார்ம்ல யாராவது ஏடாகூடமா எழுதினா எனக்கு மெசேஜ் வர்ற மாதிரி நேத்துதான் தம்பி பண்ணிக் கொடுத்துச்சு. அக்கா திட்டுதுன்னு சொல்லிச்சு. மூணாவது மாடியில ரவுண்ட்ஸ்ல இருந்தேன், ஓடி வந்தேன்."

அவள் உடைந்து அழுதாள். "ஒரு வார்த்தை பாராட்டலியேண்ணே அவனை..."

வாட்ச்மேன் கீழே கிடந்தவரைக் காலால் புரட்டினார்.

"ஃபார்ம்ல எழுதற பேரையெல்லாம் இவ்வளவு சோதிக்கறீங்க. இந்த ஆளை வேலைக்கு எடுக்கும்போது யாரும் சோதிக்கலியாம்மா?"