தொண்ணூறுக்கு மேலே

"இந்த மாடியில நிழல் விழ வாய்ப்பே இல்லம்மா" என்றார் வெயிலுரிமை ஆணையத்தின் அளவர் இன்பராஜ். வைகாசி மாதத்து உச்சிவேளை. அதைச் சொல்லும்போது அவர் நின்றுகொண்டிருந்தது நிழலில்தான்.

வடக்கு வீட்டு அருளானந்து புதிதாக எழுப்பியிருந்த மூன்றாவது மாடி அந்த நிழலைத் தந்தது. அதன் அடியில் மங்களேஸ்வரியின் வெயில்தகடுகள் ஒரே வரிசையாகச் சோர்ந்து கிடந்தன.

"அப்ப நீங்க நிக்கிறது என்னங்க சார்?"

"நான் எங்க நிக்கிறேங்கிறது முக்கியமில்ல. கணியன் என்ன சொல்லுதுன்னுதான் பாக்கணும்."

அறந்தாங்கியில் பொது மின்கம்பிகளைக் கழற்றி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு வீடும் தன் கூரை வெயிலில்தான் வாழ்ந்தது. நிலத்துக்குப் பட்டா போல வெயிலுக்கும் பத்திரம் உண்டு. யார் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதைக் கதிர்க்கணியன் என்ற மென்பொருள் தீர்மானித்தது. நாள்தோறும் உச்சிச் சூரியனின் உயரத்தைக் கணக்கிட்டு, எவர் நிழல் எவர் தகட்டில் விழும் என்று அது சொல்லும். மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்வதால், வடக்கு வீட்டுக்காரரின் வெயிலை மறிக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே எல்லாரும் தங்கள் மனையின் தெற்கு ஓரத்தில் மாடியை எழுப்பி, வடக்கு ஓரத்தில் தகடுகளை வைத்தார்கள். ஊரே ஒரே அச்சில் வார்த்தது போலிருந்தது.

மங்களேஸ்வரியின் தெற்கு ஓரத்து மாடியறையில் அவள் கணவன் அழகர் வாரம் மூன்று நாள், நான்கு மணிநேரம், டயாலிசிஸ் பெட்டியோடு படுத்திருப்பான். கீழே அவளுடைய தையல்கடை. பஞ்சுத்தூசி பறக்கும் இடத்தில் பெட்டியை வைக்க மருத்துவர்கள் விடவில்லை. சித்திரை பிறந்ததிலிருந்து பெட்டி மின்சாரம் போதாமல் மூன்றாவது மணிநேரத்திலேயே நின்றுவிடுகிறது. அவன் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஒதவாதுன்னு சாருக்குச் சொல்லு" என்று உள்ளிருந்து அழகர் குரல் கொடுத்தான். சாருக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்காதது போல இறங்கிப் போனார்.

அந்த நிழலைப் பற்றி அவள் போட்டிருந்த மனுவை நிராகரித்து வந்த கடிதத்தின் பின்பக்கத்தில், பெருமைக்காகவோ என்னவோ, கணியனின் சூத்திரத்தையே அச்சிட்டிருந்தார்கள். தொண்ணூறிலிருந்து ஊரின் அட்சரேகையைக் கழி. அன்றைய சூரியச் சாய்வைக் கூட்டு. துணி வெட்டுகிறவளுக்குக் கழித்தலும் கூட்டலும் புதிதல்ல. அறந்தாங்கிக்கு அட்சரேகை பத்து. ஆனியில் சாய்வு வடக்கே இருபத்துமூன்றரை. விடை நூற்றுமூன்றரை. அதாவது சூரியன் உச்சியைத் தாண்டிப் போய், வடக்கு வானத்தில் எழுபத்தாறரை பாகை உயரத்தில் நிற்கிறது.

கணியனை எழுதியவர்கள் சூரியன் ஒருநாளும் தலைக்கு நேரே வராத குளிர்தேசத்தார். தொண்ணூறைத் தாண்டிய எண் அவர்களுக்குத் தட்டச்சுப் பிழையாகப் பட்டிருக்கிறது, தொண்ணூறாகவே வெட்டிவிட்டார்கள். அதனால் சித்திரை மூன்றாம் தேதி உச்சிக்கு வந்த சூரியன், கணியனின் கணக்கில், ஆவணி பத்து வரை நகராமல் அங்கேயே நின்றது. இருபது ஆண்டுகளாக ஊரும் தலையாட்டியது. பத்திரத்தில் இல்லாத நிழலைக் கண்ணால் பார்த்தால் மட்டும் ஆயிற்றா?

நாற்பது நாள் உச்சிவேளையில் இன்ச் டேப்பால் நிழலை அளந்து, அவள் மறுபடி மனுப் போட்டாள். ஆணையம் ஆடியில் அதை ஏற்றுக்கொண்டது. அருளானந்துவின் மேல்மாடியை இடிக்க உத்தரவு வந்தது.

"தெக்க இருந்த சூரியன் ஒங்க மனுவப் பாத்துட்டு வடக்க வந்துருச்சாக்கும்" என்றார் அவர். மகளுக்காகக் கட்டிய மாடி அது. அவர் முகத்தைப் பார்க்க மங்களேஸ்வரிக்குக் கூசியது. ஆனால் மறு வைகாசியில் பெட்டி நான்கு மணிநேரமும் நிற்காமல் ஓடி, அழகரின் கால்வீக்கம் வடிந்தபோது, அவள் சமையலறையில் தனியாக நின்று அழுது தீர்த்தாள். சந்தோஷம்தான்.

அந்த மாதமே இன்பராஜ் மீண்டும் வந்தார். கையில் ஒரு கட்டு நோட்டீஸ்.

"இந்த ரூம எடுக்கணும்மா. தெக்கு வீட்டுக் காத்தமுத்து தகட்டு மேல கிட்டத்தட்ட ரெண்டரை அடி நிழல் விழுது. பதினஞ்சு நாள் டயம்."

"அவரு ஒன்னும் சொல்லலியே. நேத்துக்கூட பேசிக்கிட்டிருந்தாரு."

"யாரும் புகார் குடுக்க வேண்டியதில்ல. திருத்துன கணியன் தானா பாத்து அனுப்புது. இந்தத் தெருவுல முப்பது வீடு, முப்பதுக்கும் நோட்டீஸ்." நோட்டீஸின் தலைப்பில் ஆதாரமாக அவளுடைய மனு எண்ணே இருந்தது.

"எதுத்து மனுப் போடலாமா?"

"தாராளமா. கணக்கு தப்புன்னு காட்டணும், அவ்வளவுதான்."

அவர் போனபின் அவள் அழகரின் கட்டிலருகே உட்கார்ந்து நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதினாள். அறையின் உயரம் பத்தடி. எழுபத்தாறரை பாகை. நிழல் இரண்டடி ஐந்து அங்குலம். திரும்பப் போட்டாள். மூன்றாவது முறை, எங்காவது கை தவறிவிடாதா என்று மெதுவாகப் போட்டாள். பெட்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"தப்பு எதாச்சும் ஆம்புட்டுச்சா?" என்றான் அழகர்.

"இல்லங்க" என்றாள் மங்களேஸ்வரி. "எல்லாம் சரியாத்தான் வருது."