ஞாயிற்றுக்கிழமை சாகாத மீன்கள்

"டொக்டர், அன்டனோட மீனும் போயிரும் போல இருக்குங்க."

அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் ஏறி வந்த வியாகுலம், ஹட்டனில் கேத்ரின் வீட்டு வாசலில் நனைந்துபோய் நின்றார். கேத்ரின் ஓய்வுபெற்ற மிருக வைத்தியர். வியாகுலத்தின் மகன் அன்டன் கொழும்பில் அலங்கார மீன் பண்ணையொன்றில் வேலை பார்த்தவன். போன வருடம் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனான். அவன் விட்டுப்போனது ஒரு கடல்நீர்த் தொட்டி, அதில் ஒரு கோமாளி மீன். அதற்குத் துணையாக அப்பா ஸுஹைரின் மீன்கடையில் வாங்கி விட்ட ஐந்து புது மீன்களும் மூன்று வாரத்தில் செத்துவிட்டன. இப்போது பழையதும் மூச்சு வாங்குகிறது.

"ஸுஹைர் கடையில சீக்கு மீனத் தள்ளிவிட்டிருக்காங்க! வேறென்ன?" என்றார் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே சிப்னாஸ். கேத்ரினின் ஆட்டோக்காரர், எந்த மர்மத்தையும் முதல் வளைவிலேயே முடித்துவைப்பார்.

தேயிலைத் தோட்டத்தில் வியாகுலத்தின் லயத்து வாசலில் கொழுந்துக் கூடையும் தேய்ந்த சவுக்காரத் துண்டும் கிடந்தன. உள்ளே தொட்டியின் முன் கேத்ரின் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உப்பு சரி, சூடும் சரி. மீனில் நோயைக் காட்டும் ஒரு வெண்புள்ளிகூட இல்லை, தோல்தான் வெளிறியிருந்தது. தண்ணீரின் மேல் சிறு குமிழிகள் உடையாமல் மிதந்தன.

மீன் செத்த நாட்களில் வியாகுலம் காலண்டரில் சிலுவை போட்டிருந்தார். ஐந்தில் ஒன்றுகூட ஞாயிறிலோ பௌர்ணமிப் போயா விடுமுறையிலோ இல்லை.

"சாப்பாடு யாரு குடுக்குறது?" என்று கேட்டார் கேத்ரின்.

"நான்தாங்க," என்றார் வியாகுலத்தின் மனைவி சிசிலி. "காலையில கொழுந்து எடுக்க மலைக்குப் போறப்ப. புதுசுங்க கூச்சப்பட்டுச்சு. கைய உள்ள விட்டு ஊட்டுனேன், அன்டனுக்கு ஊட்டுன மாதிரி." சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றப் போனார்.

கேத்ரின் குரலைத் தாழ்த்தினார். "ஸுஹைர் மேல தப்பில்லங்க. சீக்குக்கு ஞாயித்துக்கிழம லீவு கிடையாது; கொழுந்து எடுக்கிறவங்களுக்குத்தான் லீவு. மழை தொடங்குனா அட்டை கடிக்காம இருக்க கால்ல சவுக்காரம் தேய்ப்பாங்க. அதே கை தண்ணிக்குள்ள போயிருக்கு. சவுக்காரம் மீனோட செவுள அரிச்சிரும்."

"அப்ப பழசு எப்புடித் தப்பிச்சது?" சிப்னாஸ் விடவில்லை.

"அது மேல மிதக்கிறதத் தின்னுட்டு ஒதுங்கிரும். கைகிட்ட வராது. புதுசெல்லாம் போனப்புறம் அதுக்கும் கையால ஊட்டுறாங்க போல. தண்ணிய மாத்தி, கரண்டியால குடுத்தா பொழச்சுக்கும். அவங்ககிட்ட காரணத்தச் சொல்லாதீங்க."

வியாகுலம் தலையாட்டினார். நிமிர்ந்தபோது கதவருகில் சிசிலி நின்றிருந்தார். கோப்பைகளைக் கீழே வைத்து, உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார்.

"என் கையாலயா?"

இத்தனை சரியாகக் கண்டுபிடித்திருக்க வேண்டாம் என்று கேத்ரினுக்குத் தோன்றியது.

சிசிலியைக் கண்டதும் மீன் தள்ளாடிக் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்தது. அவர் இரண்டு கைகளையும் சேலைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"இனிமே நீங்களே குடுங்க அவனுக்கு," என்றார் கணவரிடம்.